தெற்கே காட்டிய கற்பூரம்

பொங்கல் பானையோடு வந்த பெண்களுக்குக் கம்பெனி வாசலில் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிவிட்டார்கள். குறுக்கே வெள்ளிப் பட்டை ஓடுகிற, சாலைப் பணியாளர்கள் அணிகிற அதே மேலங்கி. பட்டுப் புடவைக்கு மேல் அது ஒட்டாமல் விறைத்து நின்றது. வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. துணியிலிருந்து புது ரப்பர் வாடை அடித்தது.

"பட்டுப் பொடவ மேல இத்தப் போட்டுக்கினா சாமி முன்னாடி நிக்கணும்?" என்றாள் கஸ்தூரி. என் மனைவியின் தம்பி தணிகாசலத்தின் மனைவி அவள்.

"சேஃப்டிங்க அக்கா. சாமியே வந்தாலும் ஜாக்கெட் போட்டாத்தான் உள்ள விடுவோம்" என்றார் காவலாளி.

"சாமி உள்ளதான்யா கீது. நாங்கதான் வெளிய கீறோம்" என்றான் தணிகாசலம்.

ஒரகடம் பக்கத்தில் என் மனைவியின் ஊருக்குச் சொந்தமாயிருந்த ஏரிக்கரையும் அதன் கீழ் வயல்களும் தொழிற்சாலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மடைக்கருகே இருந்த அவர்களுடைய குலதெய்வத்தை மட்டும் கம்பெனி இடிக்கவில்லை. சுற்றிக் கம்பிவேலி போட்டு, பங்குனி உத்திரத்தன்று ஒரு வேளை குடும்பத்தாரை உள்ளே விடுகிறது. வருகிறவர்கள் வாசலில் அடையாள அட்டை பெற்று, மேலங்கி அணிந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வரிசையாக நடந்து போய்ப் பொங்கலிட்டுத் திரும்ப வேண்டும்.

இந்த வாழ்க்கைத் தொடரில் சென்ற வாரம் என்னை ஆய்வுக்கூடத்தில், பழ ஈக்கள் வளர்க்கும் பால் புட்டிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி இந்த வாரம் என் முதல் வேலையைப் பற்றி எழுத வேண்டும். எழுத முடியவில்லை. வரிசையை உடைத்துக்கொண்டு இந்தப் பங்குனி உத்திரம் முன்னால் வந்து நிற்கிறது. அது அண்மையில் நடந்தது. அதன் அதிர்ச்சி இன்னும் என்னை விட்டு இறங்கவில்லை.

வேப்பமரத்தடி

அந்தக் கோயிலில் எனக்கு இடம் வேப்பமரத்தடி. அது அவமதிப்பன்று. குலதெய்வப் பொங்கலில் பானையைச் சுற்றி நிற்பவர்கள் பங்காளிகள், அதாவது ஒரே வழியில் வந்த ஆண்களும் அவர்கள் குடும்பங்களும். பெண்ணை மணந்தவன் விருந்தாளி. அவனுக்கு நிழலில் நாற்காலி போடுவார்கள், முதல் இலை கொடுப்பார்கள், சடங்குக்குள் சேர்க்கமாட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மரத்தடியில் நான் முதல் இலை வாங்கியிருக்கிறேன்.

மணமான பெண் கணவனின் குலதெய்வத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் முறை. எனக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே எனக்குத் தெரியாது. என் தந்தை மதுரையில் ஆசிரியர். சாமி, சடங்கு எதையும் வீட்டுக்குள் விடாதவர். எங்கள் பூர்வீகம் தாமிரபரணிக் கரையில் மடையூர் என்ற சிற்றூர் என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். என் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு தலைப்பெழுத்துகளில் முதலாவது அந்த ஊருடையது. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. யாராவது கேட்டால் மதுரை என்று சொல்லிவிடுவேன்.

எனவே என் மனைவி வேதவல்லி, திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுச் சாமியையே கும்பிட்டாள். "உங்க வூட்டு சாமி எதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, வண்டி ஏறிப் போயிட்டு வரேன். தெரியற வரைக்கும் எங்க மடைசாமியே உங்களையும் சேத்துப் பாத்துக்கும்" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கேலி இருக்கும்.

அவள் இல்லாமல் போன முதல் பங்குனி உத்திரம் இது.

வகுப்பறையில் என் கல்யாணம்

நான் மக்கள்தொகை மரபியல் கற்பித்தவன். ஒரு மரபணு ஒரு ஊர் மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது, அந்த விகிதம் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதே என் பாடம். விகிதத்தை மாற்றும் காரணங்களில் ஒன்று இடப்பெயர்ச்சி. அதை விளக்க மாணவர்களிடம் பேருந்தைச் சொல்வேன்.

பேருந்து வந்து ஆட்களை இறக்கினால் ஊரில் கூட்டம் கூடும், அவ்வளவுதான். இறங்கியவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே மணம் செய்து, பிள்ளை பெற்றால்தான் மரபணு விகிதம் நகரும். ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் இப்படி வந்துகொண்டேயிருந்தால், வந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் மெல்ல மெல்ல ஒன்றைப் போல் மற்றொன்று ஆகும். வேற்றுமை கரையும். உள்ளூரிலேயே மணந்து மணந்து அடர்ந்துபோன நோய்கள் நீர்த்துப்போகும்.

பிறகு வகுப்பைச் சிரிக்கவைக்க என் கல்யாணத்தைச் சொல்வேன். "தெற்கேயிருந்து ஒருவன் வடக்கே வந்து, ஊர் எதிர்க்க, சாதி எதிர்க்க, பதிவு அலுவலகத்தில் மணம் செய்தான். உங்கள் சமன்பாட்டில் வருகிற இடப்பெயர்ச்சி உங்கள் முன்னால் சுண்ணக்கட்டியோடு நின்றுகொண்டிருக்கிறது."

மாணவர்கள் ஆண்டுதோறும் சிரித்தார்கள். வேதவல்லியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "என்னைக் கணக்குல எந்தப் பக்கம் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முகிலன்

எங்களுக்கு ஒரே மகன். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து தாடை உடைந்தது. சிறிய அறுவை. சிரித்தபடி உள்ளே போனான்.

அறுவையின்போது தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்கள். மூச்சுத் தசையும் அதில் அடங்கிப்போகும். அதற்காகக் குழாய் வைத்திருப்பார்கள். சில நிமிடங்களில் இரத்தத்திலுள்ள ஒரு நொதி அந்த மருந்தைச் சிதைத்துவிடும். மூச்சு தானே திரும்பும். மிகச் சிலருக்கு அந்த நொதி வேலை செய்யாது. அவர்களுக்கு மருந்து மணிக்கணக்கில் இறங்காது. அது தெரிந்து, இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்தபடி காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. எழுந்து வீட்டுக்கு வரலாம்.

தெரியவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள்.

பிறகு எங்கள் இருவருடைய இரத்தத்தையும் பரிசோதிக்கக் கொடுத்தேன். அத்தகைய குறை பிள்ளைக்கு முழுமையாக வர, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, மாறிய மரபணு இரண்டு வேண்டும். எனக்கு நொதி பாதியாக இருந்தது. வேதவல்லிக்கும் பாதி. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது இருவரிடமும் மாற்றம் ஒரே இடத்தில், ஒரே எழுத்தில் இருந்தது. இத்தனை அரிதான மாற்றம் இரண்டு வெவ்வேறு மக்களிடம் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்று நம்ப என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. எங்கேயோ இருவருக்கும் பொதுவாக ஒரு மூதாதை இருந்திருக்க வேண்டும். மதுரைக்காரனுக்கும் ஒரகடத்துப் பெண்ணுக்கும் அது எப்படி?

வேதவல்லி போகும்வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவள் கேட்கவும் இல்லை.

வடக்கே போன பிள்ளைகள்

மீண்டும் அந்தக் காலை. மேலங்கி அணிந்து எங்களோடு வரிசையில் நடந்தவர்களில் புதியவள் ஒருத்தி, இசக்கியம்மாள். சுங்குவார்சத்திரத்துக்கு அருகே கைப்பேசித் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் வேலை. விடுதியில் தங்கியிருந்தாள். தணிகாசலத்தின் மகன் பார்த்திபன் அந்தத் தொழிற்சாலைக்குப் பேருந்து ஓட்டுகிறான். இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள்.

தணிகாசலம் ஓராண்டு மறுத்தான். "யாரோ எவளோ. தெக்கத்திப் பொண்ணு. அதுங்க பேசறதே பாதி புரியல" என்பான். "நானும் தெற்கத்தியான்தான்" என்பேன். "நீங்க படிச்சவரு மாமா, அது வேற" என்பான். விடாமல் பேசி இணங்கவைத்தது நான்தான். வேதவல்லி இருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். சாமி முன்னால் ஒருமுறை பெண்ணைக் காட்டிவிட்டால் வைகாசியில் முடித்துவிடலாம் என்று பேச்சு.

எந்த ஊர் என்று இசக்கியிடம் முன்பே கேட்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்றாள். பிழைக்க வந்தவர்கள் சொந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்வதில்லை. கேட்பவருக்குத் தெரிந்த பெரிய ஊரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நான் மதுரை என்று சொல்வதைப் போலத்தான். நானும் மேலே கேட்கவில்லை.

பொங்கல் பொங்கியது. தணிகாசலம்தான் பூசை செய்பவன். வேல்கம்புக்கும் கல்லுக்கும் மாலை சாற்றி, தந்தை கற்றுக்கொடுத்தபடி சாமியின் முழுப் பெயரை வாய்க்குள் முணுமுணுத்து, தீபம் காட்டினான். கடைசியாக ஒரு வழக்கம் உண்டு. தனியாக ஒரு கற்பூரம் ஏற்றி, சாமிக்கு முதுகைக் காட்டி நின்று, தெற்குத் திசைக்குக் காட்டுவான். தெற்கே இப்போது கம்பிவேலி. அதற்கப்பால் விற்பனைக்குப் போகவிருக்கும் புதுக் கார்கள், வெள்ளைத் தாள் ஒட்டிய கண்ணாடிகளோடு வரிசை வரிசையாக நிற்கின்றன. கார்களுக்குக் கற்பூரம் காட்டுவது போலிருக்கும்.

இசக்கி சிரித்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்கிற?" என்றான் பார்த்திபன்.

"கோச்சுக்கிடாதிய. எங்க ஊர் கோயில்லயும் கடைசியில இப்படித்தான் காட்டுவாவ. ஆனா அங்கன வடக்க பாத்துக் காட்டுவாவ. நீங்க தெக்க பாத்துக் காட்டுதீய. அதான்."

"நீங்க ஹலோன்னா நாங்க ஹலோன்றோம்" என்றான் பார்த்திபன்.

தணிகாசலம் கற்பூரத் தட்டைக் கீழே வைக்கவில்லை. "வடக்க எதுக்கும்மா காட்டுவாங்க?"

"அந்தக் காலத்துப் பஞ்சத்துல கொஞ்சம் பேரு கோயில்ல பிடிமண் எடுத்துக்கிட்டு வடக்க போயிட்டாவளாம். போற எடத்துல அந்த மண்ணை வச்சுச் சாமி கும்பிடலாம்லா, அதுக்கு. திரும்பி வரவே இல்லையாம். 'வடக்க போன பிள்ளைய நல்லாருக்கணும்'னு பூசாரி காட்டுவாரு. எல்லாரும் சேந்து சொல்லுவோம்."

"எங்க அப்பாரு தெக்க காட்டுடான்னாரு. காட்டிக்கினு கீறேன். ஏன்னு அவருக்கும் தெரியாது" என்றான் தணிகாசலம், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு கேட்டான். "ஒங்க சாமி பேரு இன்னா?"

"மடைகாத்த சாஸ்தா."

ஆண்டுக்கொரு முறை அவன் வாய்க்குள் முணுமுணுக்கிற பெயர் அது. மற்றவர்கள் மடைசாமி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கற்பூரம் கரைந்து தட்டில் கறுப்பாக நின்றது.

நான் மரத்தடியிலிருந்து எழுந்துவிட்டிருந்தேன். "அம்மா, உன் ஊர் எது? ஸ்ரீவைகுண்டம் என்று சொல்லாதே. ஊர்ப் பெயரைச் சொல்."

"மடையூரு, ஐயா. சின்ன ஊரு. சொன்னா யாருக்கும் தெரியாது."

என்ன முறை?

முகிலன் போனதிலிருந்து விடையில்லாமல் கிடந்த கேள்விக்கு, மேலங்கி அணிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே விடை சொல்லிவிட்டாள். வேதவல்லியின் முன்னோர் மடையூரிலிருந்து வந்தவர்கள். வந்த இடத்துப் பெயரையும் சாதியையும் பேச்சையும் தரித்துக்கொண்டு, எங்கிருந்து வந்தோம் என்பதை மறந்து, ஒரு திசையை மட்டும் மறக்காமல் வைத்திருந்தவர்கள். கணவன் வீட்டுச் சாமி எது என்று கேட்டுக்கொண்டேயிருந்தவள், ஆண்டு தவறாமல் அந்தச் சாமிக்குத்தான் பொங்கல் வைத்திருக்கிறாள்.

தணிகாசலத்தின் அதிர்ச்சி வேறு வகை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை. பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை.

"பார்த்தி, பானைய எடு. வூட்டுக்குப் போலாம்."

"இன்னாப்பா?"

"ஒரே சாமிடா. அது ஒனக்குத் தங்கச்சி மொற."

"நேத்து வரைக்கும் யாரோ எவளோன்ன. இன்னிக்குத் தங்கச்சின்ற. எதனா ஒன்னு முடிவா சொல்லுப்பா."

"கல்யாணம் நடக்காது. அதான் முடிவு."

இசக்கி அழவில்லை. மேலங்கியின் வெள்ளிப் பட்டையை நகத்தால் சுரண்டியபடி நின்றாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா நான்" என்றாள், யாரிடமும் அல்லாமல்.

மடையூர் என்ற பெயருக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அங்கே யாருக்கும் தெரியாது. நான் மதுரைக்காரன். பேசாமலிருந்தால் என் பழைய வாழ்க்கை யார் கண்ணிலும் படாமல் அப்படியே இருந்திருக்கும். இந்த இருவருடைய வாழ்க்கை மட்டும் அந்த வேலியருகே முடிந்திருக்கும்.

"தணிகாசலம், என் தலைப்பெழுத்தில் முதலாவது எந்த ஊர் தெரியுமா? மடையூர். என் தாத்தா அங்கே பிறந்தவர். மடையூர்க்காரனுக்கு வேறு என்ன சாமி இருக்கப்போகிறது? நீ சொல்கிற கணக்குப்படி, உன் அக்காவுக்கும் எனக்கும் என்ன முறை?"

வேலிக்கு அப்பால் ஏதோ வண்டி பின்னோக்கி நகர்ந்து, விட்டு விட்டு ஒலியெழுப்பியது.

கஸ்தூரிதான் முதலில் வாய் திறந்தாள். அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது. கெட்ட எண்ணம் சிறிதுமில்லாதவள். முகிலனைத் தூக்கி வளர்த்தவள்.

"அதான்ணா... அதான் சாமி முகிலனை எடுத்துக்கிச்சு."

என் வாழ்நாளில் கேட்டவற்றில் அதைவிடக் கடுமையான வாக்கியம் இல்லை. ஆசிரியனாக இருந்ததில் ஒரு வசதி உண்டு. குரல் தானாக வகுப்பறைக் குரலாகிவிடும்.

"இல்லை, கஸ்தூரி. அவனை எடுத்தது ஓர் ஊசி. இந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவன் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், டாக்டர் வேறு மருந்து போட்டிருப்பார். அந்த ஒரு வாக்கியம் அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சாமிக்கு இதில் வேலையில்லை."

அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

வாசலில் மேலங்கிகளைத் திருப்பிக் கொடுத்தோம். "பாத்துப் போங்க" என்றான் தணிகாசலம். மாமா என்று சொல்லவில்லை. மீசை அரும்பாத வயதிலிருந்து என்னை மாமா என்று அழைத்தவன். பங்காளி என்றால் நான் அவனுக்கு அண்ணன். அண்ணன் என்று அழைத்தால், அவன் அக்கா எனக்குத் தங்கையாகிவிடுவாள். எந்த முறையும் வைத்து அழைக்காமல், "வாங்க", "போங்க" என்று பேச ஆரம்பித்தான்.

ஒரு கைப்பிடி

வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்ததை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். பிடிமண் எடுக்கிறவர் கோயில் மண் முழுவதையும் எடுப்பதில்லை. ஒரு கை கொள்வதை எடுக்கிறார். மனிதர்கள் இடம்பெயர்வதும் அப்படித்தான்.

சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறுங்கள். பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பீர்கள். ஊரில் ஆயிரத்தில் ஒருவரிடம் உள்ள ஓர் அரிய மரபணு, தற்செயலாக அந்தப் பத்துப் பேரில் ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டோ எங்கேயோ போய் நின்று, இறங்கிய பத்துப் பேர் மட்டுமே ஒரு புது ஊரைத் தொடங்கினால், அங்கே அது ஆயிரத்தில் ஒருவருடையது அன்று, பத்தில் ஒருவருடையது. அவர்கள் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே அத்தை மகன், மாமன் மகள் என்று மணந்துகொண்டிருந்தால் அந்த அடர்த்தி எளிதில் கரையாது.

இடப்பெயர்ச்சி நீர்க்கச்செய்யும் என்று கற்பித்தேன். அது அடர்த்தியும் ஆக்கும் என்பதையும் அதே பாடத்தில்தான் கற்பித்தேன். இரண்டாவது பகுதி என் சொந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. மடையூரில் இன்றும் அந்த மரபணு அரிதாகவே இருக்கும். அந்த அரியவர்களில் ஒருவனுடைய பேரன் படித்து, வேலை தேடி, வடக்கே வந்து, அது அடர்ந்திருந்த ஒரே வீட்டில் பெண் கேட்டிருக்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனையோ தலைமுறைக்கு முன் பிரிந்தவர்களிடையே உறவு பாதியாகி, அதில் பாதியாகி, இல்லையென்றே ஆகிவிடுகிறது. அந்த வகையில் இசக்கியும் பார்த்திபனும் அந்நியர்களே. ஆனால் ஒரு தனி மரபணு அப்படித் தேய்வதில்லை. வந்தால் முழுசாக வரும். வராவிட்டால் இல்லவே இல்லை. அவர்கள் இருவருக்கும் வந்திருக்கிறதா என்பதை இரத்தம்தான் சொல்ல வேண்டும்.

பாதி

பார்த்திபனே வந்தான். காலை ஷிஃப்ட் பேருந்தை விட்டுவிட்டு, சீருடையோடு. "மாமா, டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். அவளும் வரேன்றா. லைன்ல லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் முறைச்சிருக்கான், கல்யாணம் நிக்கப்போவுது சார்னு சொன்னதும் குடுத்துட்டானாம்."

சென்னையில் என் பழைய மாணவி ஒருத்தி இரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறாள். கிளம்புகிற காலையில் வாடகைக் காரின் முன் இருக்கையில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான். ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில், மற்ற இருவரும் கையை நீட்டி முடித்ததும், சட்டைக் கையை மடித்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தான்.

"எனக்கும் எடுக்கச் சொல்லுங்க."

சில நாட்களில் மாணவி தொலைபேசியில் அழைத்தாள். கேட்டுக்கொண்டு, மூவரையும் வீட்டுக்கு வரச்சொன்னேன். வேதவல்லியின் படத்துக்கு எதிரே நாற்காலி போட வேண்டாமென்று நினைத்தேன். வேறு இடம் இருக்கவில்லை.

"பார்த்திபனுக்கு நொதி பாதி. இசக்கிக்கு முழுசாக இருக்கிறது. அவளிடம் அந்த மாற்றம் இல்லை."

"நெசமாவா ஐயா?" என்றாள் இசக்கி.

"நிஜம். உங்கள் பிள்ளைகளில் யாருக்கும் முகிலனுக்கு நேர்ந்தது நேராது. பார்த்திபன் மட்டும், எப்போது மயக்க ஊசி போடவேண்டி வந்தாலும், டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் ஒன்றுமில்லை."

ஒரே ஊர் மண். அவர்களும் அதே வழியில்தான் வந்து சந்தித்தார்கள். எங்களுக்கு விழுந்தது அவர்களுக்கு விழவில்லை. இதற்குக் காரணம் கிடையாது. காரணம் கிடையாது என்பதை ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அன்று அந்த அறையில் அதை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை.

"எனக்கு?" என்றான் தணிகாசலம்.

"உனக்கும் பாதி."

அவன் படத்தைப் பார்த்தான். "அக்காவுக்கு எவ்ளோ இருந்திச்சு?"

"இதே அளவுதான். இதே மாற்றம். உங்கள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ இருவருக்கும் வந்திருக்கிறது."

"அப்ப அக்காகிட்ட இருந்தது என்கிட்டயும் கீதுன்றீங்க."

"ஆமாம்."

சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். வெளியே கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அடுத்த ஷிஃப்டுக்கான நேரம். எங்கெங்கோ பிறந்த பிள்ளைகள் சன்னலோரம் தூங்கிக்கொண்டே போனார்கள். ஒரு நாள் அவர்களில் சிலர் இங்கேயே வீடெடுத்துத் தங்குவார்கள். இந்த ஊரின் விகிதங்கள் மறுபடி நகரும்.

"சாமி ஒன்னு, மொற தப்புன்னு நான் இப்ப சொன்னேன்னா, எங்க அக்கா வாழ்ந்ததும் தப்புன்னு ஆயிடும்" என்றான் தணிகாசலம். "அத்த என் வாயால சொல்லமாட்டேன்." பிறகு இசக்கியைப் பார்த்து, "ஒங்க வூட்ல பேசணும். போன் நம்பர் குடும்மா" என்றான்.

எழுந்து வாசல்வரை போய் நின்றான். ஏதோ சொல்ல வந்து, "வரேங்க" என்று மட்டும் சொல்லிப் போனான்.

வைகாசி

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு நடுத்தர மண்டபம். மடையூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். வடக்கே போன பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்ற மகிழ்ச்சியில், முறையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுதிப் பெண்கள் ஒரு ஷிஃப்ட் முழுக்க வந்து முன்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். வந்தவர்களுள் மடையூர்ப் பூசாரியும் ஒருவர். மேளச் சத்தத்துக்கு மேல் தெற்கத்திப் பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சும் மோதிக்கொண்டிருந்தன. தாலி கட்டும்போது நான் தூணோரம் நின்றேன். அட்சதை என் கையில் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

நானும் மடையூர்க்காரன் என்ற விஷயம் இரண்டு பக்கத்திலும் பரவியிருந்தது. கஸ்தூரி என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விலகிப்போனாள். தணிகாசலம் மேடைக்கும் சமையற்கட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். இருமுறை என்னைக் கடந்துபோனான்.

பூசாரி என்னருகே வந்து உட்கார்ந்தார். வெற்றிலை மடித்துக்கொண்டே, எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

இரத்தத்தின்படி நான் பெண் வீடு. வாழ்ந்ததின்படி மாப்பிள்ளை வீடு. இரண்டில் எதைச் சொன்னாலும் மற்றொன்று பொய்யாகும் போலிருந்தது. அவர் காத்திருந்தார்.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து, மேளத்தையும் மீறி, இரு வீட்டுக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"மாமா! இன்னா அங்கியே குந்திகினு கீறீங்க? மொத எலை ஒங்களுதுதான். பந்தி ஒக்காரப்போவுது, வாங்க மாமா!"

தணிகாசலம் கையை உயர்த்தி அழைத்துக்கொண்டிருந்தான். பூசாரியிடம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து போனேன்.